மாமியார் உடைத்த சிப்

1998 ஏப்ரலில் இன்டெல் நிறுவனத்துக்கு ஏழைகள் மேல் இரக்கம் வந்தது. பென்டியம் 2-ஐ எடுத்து, அதிலிருந்த எல்2 கேஷ் நினைவகத்தைச் சுத்தமாகக் கழற்றிவிட்டு, செலரான் என்று பேர் வைத்து மலிவாக விற்றது. கேஷ் இல்லாத ப்ராசஸர், உப்புக்கும் புளிக்கும் பரண் ஏறி இறங்கும் சமையல்காரன் மாதிரி. விமர்சகர்கள் காறித் துப்பாத குறைதான்.

போன மானத்தை மீட்க, ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. 128 கேபி கேஷை இம்முறை சிப்புக்குள்ளேயே வைத்து, முழு வேகத்தில் ஓடவும் விட்டார்கள். அண்ணன் பென்டியம் 2-க்கு 512 கேபி இருந்தாலும் ஓடியது பாதி வேகத்தில். தம்பி தலையெடுத்துவிடக் கூடாதே என்று ஒரு வேலி போட்டார்கள்: போர்டோடு சிப் பேசும் தடமான பஸ்ஸின் வேகம் அண்ணனுக்கு 100 மெகாஹெர்ட்ஸ், தம்பிக்கு 66. பெருக்கும் எண் 4.5 என்று சிப்பிலேயே பூட்டியாயிற்று. 66-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 300. இனி எவனும் கைவைக்க முடியாது என்று நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

பெருக்கலுக்கு இரண்டு எண் வேண்டுமே! ஒன்றைப் பூட்டியவர்கள் இன்னொன்றைத் திறந்தே வைத்திருந்தார்கள். அபிட் பிஎச்6 மதர்போர்டில் பயாஸ் என்ற அமைப்புத் திரையைத் திறந்து 66-ஐ 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ். மசியாத போர்டு என்றால் வேகப்பித்துப் பிடித்த பையன்கள் சிப்பின் பி21 என்ற ஒரே ஒரு பின்னை டேப் துணுக்கால் மறைத்தார்கள். போர்டும் ஏமாந்து 100 கொடுத்தது. 149 டாலர் சிப், 669 டாலர் பென்டியம் 2 450-உடன் குவேக் ஆட்டத்தில் தோளோடு தோள் நின்றது. சொந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே இப்படி வெட்டுக்குத்து!

எல்லாருக்கும் யோகம் அடிக்கவில்லை. 450-இல் தொங்கிய சிப்புக்கு 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கிப் பார்த்தார்கள். சூடு ஏறியது, சிப்பின் ஆயுள் இறங்கியது. 100 முடியாமல் 83-இல் நின்றவர்கள் பாடுதான் பரிதாபம். 100 பஸ்ஸில், ஹார்டு டிஸ்க் முதலானவை தொங்கும் பிசிஐ தடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, முறைப்படி 33 போகும். 83-இல் பல போர்டுகள் பாதியைக் கொடுத்தன, 41-க்கும் மேல். ப்ராசஸர் குத்துக்கல்லாட்டம் நிற்கும். ஹார்டு டிஸ்க் சத்தமில்லாமல் கோப்புகளைத் தின்னும். கேட்பதற்கும் நாதியில்லை, வாரண்டி காலி.

பூட்டுக்கு இன்டெல் சொன்ன நியாயம், மெதுவான சிப்பில் பெரிய எண்ணை அச்சடித்து விற்கும் திருட்டு வியாபாரிகள். பொய்யில்லை, அப்படியும் விற்றார்கள்.

2000 மார்ச் 6-இல் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் அத்லான் சிப் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெலும் தொட்டது. ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஜூலை 31-இல் பென்டியம் 3-ஐ 1.13 கிகாஹெர்ட்ஸுக்கு இழுத்தார்கள். எப்படி? அதே பழைய வடிவமைப்பு, கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ். பையன்கள் செய்தால் விதிமீறல், கம்பெனி செய்தால் புதிய மாடல்.

தாமஸ் பாப்ஸ்ட் என்ற விமர்சகர் அதில் லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்து பார்த்தார். முடியவில்லை. மற்றவர்கள் சோதித்தும் அதே கதி. ஆகஸ்ட் முடிவதற்குள் உலகின் மிகப் பெரிய சிப் கம்பெனி தன் சிப்பைத் திரும்பப் பெற்றது. அந்த 1.13 மறுபடி கடைக்கு வர 2001 ஆயிற்று. அதே ஆண்டில் 0.13 மைக்ரான் என்ற நுணுக்கமான தயாரிப்பு முறையிலும் பென்டியம் 3 வந்தது. அந்தக் குடும்பத்திலிருந்து மலிவான செலரான் வந்ததும் பையன்கள் பயாஸைத் திறந்தார்கள்.