துப்பாக்கிக்கு எங்கே தங்கல்?

கேள்வி: தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்கள். தனியார் ஆயுதக் கடையிலும் வைக்கலாமாமே, கூத்தாக இல்லையா?

பதில்: கூத்தில்லை, சட்டம்தான். உரிமம் காலாவதியானாலோ ரத்தானாலோ துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்த 2019 திருத்தமும், மூன்றாவதற்கு இதே இரண்டு வாசல்களைத்தான் காட்டியது. என் ஓட்டு கடைக்கு. காவல் நிலையத்துச் சாமான் அறை வழக்குச் சொத்துக்கானது. சாராய கேனுக்கும் ரத்தக்கறை அரிவாளுக்கும் நடுவே இரட்டைக்குழல் துப்பாக்கி துருப்பிடித்தால் எண்ணெய் போட யாருக்கு நேரம்? வியாபாரிக்கு அதுவே பிழைப்பு.

"அவர் கமுக்கமாக விற்றுவிட்டால்?" என்பீர்கள். துப்பாக்கிக்குத் துப்பாக்கி எண் உண்டு, பதிவேடு உண்டு. ஒன்று குறைந்தாலும் அவருடைய உரிமம் போய்விடும். ஸ்டேஷனில் குறைந்தால்? 2023-இல் சென்னையில் ஒரு கஞ்சா வழக்கில், பிடித்த சரக்கை எலி தின்றுவிட்டதாகப் போலீசார் சொல்ல, குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலையானார்கள். (எலி இரும்பைத் தின்னாது என்பது உண்மைதான். இதுவரை.) கடைக்காரர் வாடகை கேட்பாரே என்றால், அது நியாயமான கேள்வி. உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தவர் தன் காசில் கட்டட்டும். தேர்தலுக்காக வாங்கி வைக்கும் அரசே வாடகையையும் கட்டட்டும்.