மேட்சிங்காரர்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் இவர் ஒருவராவது இருக்கிறார். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது கையைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். இடது கை சாதாரணமாக இருக்கும். வலது கை மணிக்கட்டுவரை நாவல்பழச் சாற்றில் முக்கியெடுத்ததுபோல் இருக்கும். ரப்பர் கையுறை போடச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். போட்டார், ஒரு கைக்கு.

இவரை மேட்சிங்காரர் என்போம்.

புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கும் மனைவியைப் பார்த்து ஆயுள் முழுக்கச் சிரித்தவர் இவர். "பச்சைன்னா பச்சைதானே, அதுல என்ன கிளிப்பச்சை, பாசிப்பச்சை?" என்று தியாகராய நகர்க் கடை வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றவர். ஹாலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த மறுநாள் அந்த மனிதர் காணாமல் போய்விட்டார். சுவர் இளநீலம், சோபா கவர் சந்தன நிறம். பத்து வருடமாக அதன்மேல் சாய்ந்து பேப்பர் படித்தவருக்கு அன்றுதான் அது கண்ணை உறுத்தியது.

புது கவர் தைக்கத் தையற்காரர் சொன்ன கூலியைக் கேட்டதும் மேட்சிங்காரருக்கு ஞானம் பிறந்தது. "கவர் நல்லாத்தானே இருக்கு? கலர்தானே சரியில்ல? நாமே சாயம் போட்டா முடிஞ்சுது." மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் எவர்சில்வர் அண்டாவைப் பரணில் ஏற்றினார். அந்தக் குடும்பத்தில் முன்யோசனை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

மேட்சிங்காரரின் முதல் நம்பிக்கை, சாயமும் பெயின்ட்டும் ஒன்று என்பது. பெயின்ட் பழைய நிறத்தை மூடி மறைத்துவிட்டு மேலே உட்காரும். சாயம் அப்படி மூடாது. நாருக்குள் போய், ஏற்கெனவே இருக்கும் நிறத்தோடு சேர்ந்துகொள்ளும். சந்தன நிறத்தில் மஞ்சள் இருக்கிறது. மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் என்ன வரும் என்று இரண்டாம் வகுப்பில் படிக்கும் பேத்திக்குத் தெரியும். அவள் சொல்லவும் சொன்னாள். "பெரியவங்க வேலை செய்யறப்ப குறுக்கே பேசக் கூடாது" என்று பதில் வந்தது. கவர் மாங்காய்ப் பச்சையில் வெளியே வந்தது.

அளவு விஷயத்தில் அவருக்குத் தனி முறை உண்டு. சாயப்பட்டறையில் உலர்ந்த துணியை எடை போட்டு, அந்த எடைக்கு இத்தனை சதவீதம் சாயம் என்று கணக்கிடுவார்கள். நல்ல அழுத்தமான நிறத்துக்குச் சுமார் 4 சதவீதம். இரண்டு கிலோ கவர் என்றால் 80 கிராம் சாயம், துணி தாராளமாகப் புரள 40 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரண்டு கிலோ உப்பு. மேட்சிங்காரர் எடை போடுவதில்லை; ஆள் கணக்குப் பார்ப்பார். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு மூன்று பொட்டலம். உப்பு "ருசிக்கு ஏற்ப". தண்ணீர், வீட்டில் உள்ள பெரிய பக்கெட் கொள்ளும் அளவு.

அந்தப் பக்கெட்டில் துணி ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் நெரிசலில் நிற்கும். திரும்ப இடமில்லாத மடிப்பில் சாயம் ஏறாது. போதாக்குறைக்கு, சாயத்தை நாரில் நிலைக்கவைக்கும் சலவைச் சோடாவைத் தனியே கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல், அப்படியே துணியின் தலையில் கொட்டுவார். கொட்டிய இடத்தில் திட்டுத் திட்டாகத் தேசப்படம் விழும். இஸ்திரிக்காரர் கவரை விரித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "சார், இது மிலிட்டரி மாடலுங்களா?"

தோல்வி அவரைப் படிப்பாளியாக்கியது. இப்போது அவர் வீட்டுக்கு யார் போனாலும் காபி வருவதற்குள் வில்லியம் பெர்கின் வந்துவிடுகிறார். 1856-ல், பதினெட்டு வயதில், லண்டனில் தன் வீட்டு ஆய்வுக்கூடத்தில் மலேரியாவுக்குக் கொயினா மருந்து தயாரிக்கப் போன பையன், தவறிப்போய் ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்த கதை. "பாருங்க, அதுவும் வீட்லதான் நடந்துது!" என்பார். பெர்கினுக்குக் கொயினா கிடைக்காமல் சாயம் கிடைத்தது. இந்த வீட்டில் சாயம் கிடைக்காமல் கொயினாவின் கசப்பு மட்டும் கிடைத்தது என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். சரியாக நூறு வருடம் கழித்து, 1956-ல், பருத்தி நாரோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும் சாயத்தை ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்ததையும் சொல்லிமுடித்த பிறகுதான் விருந்தாளிக்குக் காபியில் வாய் வைக்க அனுமதி.

"பருத்தி நாரோடு" என்ற சொல்லில்தான் அடுத்த சிக்கல் காத்திருந்தது. கடைக்காரர் அந்தக் காலத்தில் "காட்டன் மாதிரி, சார்" என்று சொல்லி விற்ற கவர் அது. அந்த "மாதிரி" மேட்சிங்காரரின் காதில் இத்தனை வருடம் கழித்துத்தான் விழுந்தது. ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டியான மணியாகும். இரண்டும் கலந்த துணியென்றால் பருத்தி மட்டும் சாயத்தைக் குடிக்கும், பாலியெஸ்டர் வேடிக்கை பார்க்கும்; எவ்வளவு கொட்டினாலும் வெளிறித்தான் தெரியும். இந்தத் தீக்குச்சிச் சோதனையைச் சாயம் போட்ட பிறகு செய்வது மேட்சிங்காரர்களின் குலவழக்கம்.

பாலியெஸ்டருக்கு வேறு வகைச் சாயம் வேண்டும், ஆலைகளில் அழுத்தமேற்றிய இயந்திரத்தில் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள் என்று படித்த அன்று, அவருடைய பார்வை அடுப்பின்மேல் இருந்த பிரஷர் குக்கரில் நிலைத்தது. குக்கர் ஏறக்குறைய 120 டிகிரியோடு நின்றுவிடும் என்ற ஒரே காரணத்தால் அந்த வீட்டில் இன்னும் பருப்பு வேகிறது.

பருத்தி நன்றாகச் சாயம் பிடித்தாலும் தையல் நூல் பிடிக்காது. பெரும்பாலும் அது பாலியெஸ்டர். ஜிப்பின் பட்டையும் அப்படித்தான். ஆக, கவரின் ஓரமெல்லாம் பழைய சந்தன நிறத்தில் கோடு போட்டுக்கொண்டு நிற்கும். "பைப்பிங் டிசைன்" என்று மேட்சிங்காரர் விளக்கம் கொடுப்பார். யாரும் கேட்பதற்கு முன்பே கொடுப்பார்.

பிறகு வந்தது இயற்கைச் சாயக் காலம். சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பைக் கொடுத்த சாயவேர், துணியைப் பதப்படுத்தும் கடுக்காய், படிகாரம் என்று பாரம்பரியம் பேசினார். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருப்பதை, அதைத் தாமே வாங்கிக் கொடுத்த பெருமையோடு சொன்னார். பேச்சு சாயவேரில் இருந்தாலும் கை எட்டியது மளிகை டப்பாவிலிருந்த மஞ்சள்தூளைத்தான். குஷன் உறைகள் முதல் நாள் மங்களகரமாக ஜொலித்தன. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பது ஏன் என்று யோசித்திருந்தால், காரமுள்ள சோப்பில் அவற்றைத் துவைத்திருக்க மாட்டார். வேலைக்கு வரும் அம்மா கல்லில் போட்டுத் தேய்த்துவிட்டு, "ஐயோ, ரத்தம்!" என்று அலறியதில் மூன்று தளங்களின் கதவுகள் திறந்தன. மிஞ்சிய மஞ்சளை ஜன்னல் வெயில் சில வாரங்களில் வெளுத்துவிட்டது.

சாயம் போகிறதே என்று யாராவது குறை சொன்னால் அமெரிக்காவை இழுப்பார். 1960-களில் அங்கே சென்னைக் கட்டத் துணியை "பிளீடிங் மெட்ராஸ்" என்று, சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். அது உண்மைதான். ஆனால் அமெரிக்கர்கள் அதைச் சட்டையாகப் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் வெள்ளை வேட்டிக்குக் கீழே விரிக்கவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் அவருக்கும் பேச்சு நின்றது தண்ணீரால். போட்ட சாயம் முழுவதும் நாரில் ஒட்டுவதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து வீணாகிறது, அதைச் சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்து வெளியேற்றும்வரை ஒவ்வொரு அலசலிலும் நிறம் வந்துகொண்டே இருக்கும். கீழ்த்தளத்து வாசல் சாக்கடை மூன்று நாள் நீலமாக ஓடியது. நொய்யலாற்றை இது போன்ற சாயத் தண்ணீர்தான் பாழாக்கியது; கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கவில்லை என்று 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. செயலாளர் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி நோட்டீஸ் ஒட்டினார். மேட்சிங்காரருக்கு உள்ளூரப் பெருமை. தம்மைத் திருப்பூருக்குச் சமமாக வைத்துப் பேசிய முதல் மனிதர் அவர்தான்.

கடைசியில், பல அலசல்களுக்குப் பின், கவருக்கு ஒரு நிறம் அமைந்துவிட்டது. ஈரத்தில் பார்த்தபோது மயில் கழுத்து. உலர்ந்ததும் இரண்டு படி வெளிறி, பெயர் வைக்க முடியாத ஒரு சாம்பல் பச்சை. சுவரோடு ஒட்டவில்லை. அதனால் என்ன, சுவரை மாற்றிவிடலாம் என்று பெயின்ட்டர் வரவழைக்கப்பட்டார்.

ஷேட் கார்டும் கையுமாக மேட்சிங்காரர் கவரை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஒரு பச்சை சரியாகப் பொருந்தியது. டியூப்லைட் போட்டதும் அதே பச்சை விலகிப்போய், பக்கத்துக் கட்டத்துச் சாம்பல் பொருந்தியது. இரண்டு வேறு நிறமிகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவது சாயத்தொழிலில் பழைய தலைவலி. ஜன்னலுக்கும் டியூப்லைட்டுக்கும் அவர் நடப்பதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த பெயின்ட்டர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்:

"நீங்க சோபால பகல்ல உக்காருவீங்களா, ராத்திரில உக்காருவீங்களா, சார்? அத மட்டும் சொல்லுங்க, அடிச்சுடலாம்."

"அவரு எங்க உக்காந்தாரு?" என்றார் மனைவி.