ஆல் பாஸ் பெத்தவுகளுக்கு ரெண்டு வார்த்தை (2021 அக்டோபர் கடைசியில பேசுனது)

நவம்பர் 1-ந் தேதி திங்கக்கிழமை ஒண்ணாப்பு தொட்டு எட்டாப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் திறக்குறாகன்னு சொன்னதுல இருந்து, ஊருக்குள்ள பெத்தவுக மூஞ்சியில ஒரு வெளிச்சம். பிள்ளைக மூஞ்சியில அதைக் காணோம். மேலத் தெரு மருமக பிள்ளையார் கோயில்ல விடலைத் தேங்காயே போட்டுட்டா. “பிள்ளை படிக்கப் போறான்னு வேண்டுதலா தாயீ?”ன்னு கேட்டேன். “இல்ல மாமா, வீட்டை விட்டுப் போறான்னுதான்”னா. நேர்மையான பொம்பளை.

கொரோனான்னு 2020 மார்ச்சுல அடைச்ச பள்ளிக்கூடம். பெரிய பிள்ளைக நடுவுல கொஞ்ச நாள் போனாக, திரும்ப வந்தாக, இந்தச் செப்டம்பர் 1-ல இருந்து மறுபடி போறாக. சின்னதுகதான் முழுசா ஒன்றரை வருசத்துக்கு மேல வீட்டுலயே கிடக்குதுக. அதுலயும் இப்ப ரெண்டாப்புன்னு பேரு பதிஞ்சு கிடக்குற பொடிசுக, ஒண்ணாப்பு ரூம்பு எந்தத் திசையில இருக்குன்னே பாத்ததில்ல. பரீட்சை எழுதாமலே பாஸ். நாங்கள்லாம் எழுதியும் ஃபெயிலு. காலம் நல்லாத்தான் ஆயிருக்கு.

திங்கக்கிழமைக்கு என்ன ஆயத்தம் பண்ணணும்னு கேட்டு வந்திருக்கீக. கேட்டதால சொல்றேன். கேக்காட்டியும் சொல்லியிருப்பேன்.

மொத காரியம், வெள்ளன எந்திரிக்கப் பழகணும். பிள்ளையச் சொல்லல, உங்களைத்தான். பன்னெண்டு மணி வரைக்கும் ஆத்தாகாரி சீரியலு, அப்பன்காரன் செல்லுல ரம்மி, நடுவுல பிள்ளை மட்டும் ஒம்பது மணிக்குக் கண்ணை மூடிரணுமாக்கும்? கல்வித் தொலைக்காட்சின்னு ஒண்ணு கவர்மெண்டு நடத்துது. இந்த ஊருல அது ஓடுன வீட்டை நானும் தேடிக்கிட்டேதான் இருக்கேன். ரிமோட்டைப் பிடிச்ச விரலு அந்த நம்பருல மட்டும் நிக்க மாட்டேங்குது.

அடுத்து அந்தச் செல்லு. ஆன்லைன் வகுப்புன்னு வட்டிக்கு வாங்கி வாங்கிக் குடுத்தீக. டவர் கிடைக்காம தண்ணித்தொட்டி மேல ஏறி உக்காந்து படிச்ச பிள்ளைகளும் உண்டு, அதுகளுக்கு ஒரு கும்பிடு. மத்ததுக செல்லு கேமுல துப்பாக்கி சுட்டுப் படிச்சதுக. இப்பப் போய் ஞாயித்துக்கிழமை ராத்திரி திடீர்னு பிடுங்குனா வீடு கலவரமாயிரும். இன்னைல இருந்தே பைய நேரத்தைக் குறைங்க. அந்த நேரத்துக்கு மாப்ளயும் தன் செல்லைக் கீழ வைக்கணும். வைக்க மாட்டீக, தெரியும். வயசானவன் சொல்லி வைக்கிறேன், அம்புட்டுத்தான்.

யூனிபாரத்தை இப்பவே போட்டுப் பாத்துருங்க, திங்கக்கிழமை காலைல பாக்காதீக. கால்சட்டை முழங்காலுக்கு மேல ஏறியிருக்கும். சத்துணவுக்குப் பதிலா அரிசி, பருப்பு, முட்டைன்னு பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளை பேருக்குக் குடுத்தாகள்ல, அதைத் தின்னு அவன் இடுப்பு பெருத்திருக்கணும். பெருத்தது மாப்ள இடுப்பு. நான் கணக்குக் கேக்க வரல.

முகக்கவசம் எப்படிப் போடணும்னு பிள்ளைக்குப் பாடம் எடுக்காதீக. நீங்க எங்க போடுறீகளோ அங்கதான் அதுவும் போடும். நீங்க தாடையில மாட்டிக்கிட்டு, போலீசைக் கண்டா மட்டும் மேல ஏத்துறீக. அவன் டீச்சரைக் கண்டா மட்டும் ஏத்துவான். பையில கூடுதலா ஒண்ணு வச்சு விடுங்க. ஒண்ணு மட்டும் தனியாச் சொல்லி அனுப்புங்க: “உன்னுதுல பொம்மை போட்டிருக்கு, தாடா”ன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிறக் கூடாது. தண்ணி பாட்டிலும் அவுகவுகளுக்குத் தனி. சோப்புப் போட்டுக் கை கழுவுறது தின்னதுக்குப் பொறவு இல்ல, தின்னுறதுக்கு முன்னாடி.

காய்ச்சல்னா அனுப்பவே அனுப்பாதீக. உங்க கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரியும். காலைல ஒரு மாத்திரையக் குடுத்து, நெத்தி குளுந்ததும், வாசல்ல சூடு பாக்குற அந்தக் கருவிய ஏமாத்தி உள்ள விட்டுட்டு வேலைக்கு ஓடிருவீக. மாத்திரை மத்தியானத்தோட விட்டுரும். காய்ச்சல் பெஞ்சு பெஞ்சாப் போகும். ஒரு வகுப்புல இருவது பேருன்னு வரம்பு கட்டி, மிச்சத்துக்குச் சுழற்சின்னு டீச்சருக பாடுபடுறாக. வருகை கட்டாயமில்லன்னும் சொல்லியாச்சு. நாலு நாளு வீட்டுல கிடந்தா குடி முழுகிறாது.

கொரோனா ஊசி போடாத பெரியவுக யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க. பாத்தீகளா, ஒருத்தனும் தூக்கல, ஆனா நாலு பேரு தலை குனிஞ்சுட்டாக. பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி வரல. அதுகளைச் சுத்தி இருக்குறவுக போட்டாத்தான் உண்டு. ஞாயித்துக்கிழமை முகாம் வச்சா, அன்னைக்குக் கறி திங்க முடியாது, கறிக்குத் தொட்டுக்க இன்னொண்ணும் குடிக்க முடியாதுன்னு நம்ம ஆளுக பதுங்கிட்டாக. கடைசியில மந்திரியே பாத்து முகாமைச் சனிக்கிழமைக்கு மாத்திட்டாரு. உங்க தண்ணிக்காக ஒரு சர்க்காரு கிழமையவே மாத்தியிருக்கு மாப்ள. இதுக்கு மேலயும் வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா?

“வியாழக்கிழமை தீபாவளி, அது கழிஞ்சு அனுப்பலாமா?”ன்னு ஒரு தாயி கேக்கா. கழிஞ்சதும் மழைம்ப. மழை விட்டா பொங்கலும்ப. மூணு நாளுன்னாலும் போகட்டும். வகுப்பு வாசலைக் கண்டுட்டு வரட்டும்.

மொத நாளு சாயங்காலம் பிள்ளை வந்ததும் “என்ன படிச்சே?”ன்னு மடக்காதீக. அ, ஆ மறந்திருக்கும், வாய்ப்பாடு மறந்திருக்கும். வத்துன கம்மாயில ஊத்துத் தோண்டுற மாதிரி, கொஞ்சம் தோண்டுனா தண்ணி வரும், அடிச்சா வராது. அக்டோபர் 27-ந் தேதி மரக்காணம் பக்கம் இல்லம் தேடிக் கல்வின்னு தொடங்கி வச்சிருக்காக. தெருவுல படிச்ச பிள்ளைகளே சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வந்து சொல்லிக் குடுக்குமாம். நம்ம ஊருக்கு வந்தா, நம்ம வீட்டுப் பட்டதாரிகளைப் பாலத்துல இருந்து எழுப்பி அனுப்பிருவோம். அதுகளுக்கும் ஒரு சோலியாச்சு.

இனிமே சொல்லப்போறது சிரிக்குறதுக்கு இல்ல. பள்ளிக்கூடம் அடைச்ச இந்தக் காலத்துல சில பயக பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பருத்தி எடுக்கவும் போயிட்டானுக. கையில நூறு இருநூறு வந்ததும் வீட்டுலயும் சொகமாயிருச்சு. யாரு யாருன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவனைத் திருப்பிப் பெஞ்சுல உக்கார வைக்குறதுதான் கஷ்டம், சட்டை தைக்குறது இல்ல. முதலாளிகிட்ட அட்வான்சா வாங்குன கடனைக் கழிக்கப் பிள்ளையா கிடைச்சான்? ஊருல நாலு பேரைச் சேத்துக்கிட்டு முதலாளிகிட்ட நான் பேசுறேன், அட்வான்சுக்கு ஒரு வழி பண்ணுவோம். பிள்ளைய மட்டும் திங்கக்கிழமை அனுப்பிருங்க.

தெக்குத் தெருவுல எட்டாப்புப் பிள்ளை ஒருத்திக்கு, “ஊரடங்குல அம்பது பேரோட செலவு கம்மி”ன்னு கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு கேள்வி. பதினெட்டு முடியாத பிள்ளைக்கு என்னடா செலவுக் கணக்கு? அந்த அப்பன்காரன் இங்கன பின்னாடி நிக்குறான், நான் பாத்துட்டேன். ஏ மாப்ள, திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு உம் மக யூனிபாரத்துல பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்கணும். நிக்கலைன்னா பிள்ளைக உதவி நம்பரு 1098-க்கு நான் போன் போடுவேன். நாலே இலக்கம், கண்ணாடி இல்லாமலே அமுக்கிருவேன்.