தார்ப்பாய் தந்த தர்மவான்களுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், மேற்கே நகர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் சூறையாடியது. ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடி வட்டாரங்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. அதிகாரிகள் எட்டிப் பார்க்கவில்லை என்ற ஆத்திரத்தில் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. அந்த நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். விழுந்த மரங்களை ஊர்ப் பிள்ளைகள் அறுத்துப் போட்டு வழி விட, ரொட்டியும் மெழுகுவத்தியும் கொசுவத்தியும் தண்ணீர் பாட்டிலுமாக உங்கள் வண்டிகள் நுழைந்தன. அதை மறப்பவன் மனுஷனில்லை. உங்கள் புகழைப் பாடாவிட்டால் யார் புகழைப் பாடுவது?

குறிப்பாக அந்தத் தார்ப்பாய். அரசாங்கம் இருபத்தேழு பொருட்கள் வைத்து ஒரு பெட்டகம் கொடுத்தது. நீங்கள் கொடுத்ததோ தடித்த நீல நிறத் தார்ப்பாய். ஓரம் மடித்துத் தைத்து, கயிறு கோக்கக் கண் வைத்து, நடுவில் அறக்கட்டளையின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தீர்கள். கீற்று பறந்துபோய் வெறும் மூங்கில் சட்டமாக நின்ற குடிசைமேல் அதை விரித்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, காற்றுக்குத் தூக்காமலிருக்க மேலே பழைய சைக்கிள் டயரையும் செங்கல்லையும் வைத்தார்கள். இரண்டு கோடை வெயிலில் காய்ந்ததும் அது மடிப்பு மடிப்பாக வெடித்தது. அதன்மேல் அறந்தாங்கிக் கடைவீதியில் வாங்கிய இன்னொரு பாய், அதற்கும் மேல் ஒரு பழைய பிளக்ஸ். இன்றும் கீரமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளிப் போனால் இப்படி அடுக்கடுக்கான கூரைகளைப் பார்க்கலாம். பிரித்துப் பார்த்தால் அடியில் உங்கள் பெயர் இருக்கும். வேறு யாருடைய தர்மம் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது?

உங்கள் கருணைக்கு எல்லையே இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் எல்லை எதுவென்று எங்களுக்குத் தெரியும்: லாரி போகும் தூரம். மெயின் ரோட்டு ஊர்களில் ஒரே வீட்டுக்கு மூன்று போர்வை வந்தது. உள்ளே வண்டிப் பாதையில் மூன்று கிலோமீட்டர் போக வேண்டிய குடியிருப்புக்காரர்கள் ரோட்டுக்கு நடந்து வந்து நின்றார்கள். வந்து நின்றவர்களை நீங்கள் வெறுங்கையோடு அனுப்பவில்லை, அது உங்கள் பெருந்தன்மை. வர முடியாத கிழவிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் நீங்கள் பார்க்கவே இல்லை. அதனால் உங்கள் மனம் நோக வாய்ப்பில்லாமல் போயிற்று.

கறம்பக்குடிப் பக்கம் ஓர் அப்பத்தாவிடம் உங்கள் தம்பி ஒருவர் மிகுந்த மரியாதையோடு கேட்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். “பாட்டி, இன்னும் என்ன வேணும்னு கூச்சப்படாமச் சொல்லுங்க.”

“எனக்கு இந்த எடத்த எழுதி வாங்கிக் குடுங்கப்பா. கூரைய நாங்களே போட்டுக்குவோம்.”

தம்பி தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதினார்: போர்வை, 1. அவர் மேல் குற்றமில்லை. அவருக்குக் கொடுத்தனுப்பிய பட்டியலில் போர்வை இருந்தது, இடம் இல்லை.

அந்த இடத்தின் கதையைக் கேட்டிருந்தால் அப்பத்தா சொல்லியிருக்கும். குடிசை நிற்பது ஓடைப் புறம்போக்கில். பக்கத்தில் நாலு குடும்பம் கோயில் நிலத்தில், இன்னும் இரண்டு குடும்பம் தோப்புக்காரர் காவலுக்கென்று விட்டுவைத்த மூலையில். யாரிடமும் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்குப் பிரதமர் பெயரிலான வீட்டுத் திட்டத்தின் 1.20 லட்சமும் இல்லை, 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தின் 3.50 லட்சமும் 360 சதுர அடியும் இல்லை. முழுக்கச் சேதமான குடிசைக்குக் கஜா நிவாரணமாக வந்த பத்தாயிரம் ரூபாய், மூங்கிலுக்கும் கீற்றுக்கும் கூலிக்கும் கரைந்தது. கீற்று தர வேண்டிய தென்னைதான் படுத்துவிட்டதே. அப்பத்தாவிடம் இருந்த ஒரே காகிதம் பி மெமோ ரசீது. ஆக்கிரமிப்பு என்று சொல்லி வருவாய்த் துறை போட்ட அபராதத்தைக் கட்டிய ரசீது அது. அதைத்தான் நெகிழிப் பையில் சுற்றி, புயலிலும் நனையாமல் இடுப்பில் செருகிக் காப்பாற்றியிருந்தது. இத்தனை வருஷம் இங்கேதான் குடியிருந்தேன் என்பதற்கு அப்பத்தாவிடம் வேறு சாட்சி கிடையாது.

உங்களில் சிலர் பாயோடு நிற்காமல் வீடே கட்டித் தர முன்வந்தீர்கள். உங்கள் ஒழுங்கை மெச்ச வேண்டும். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பட்டா நகல் என்று தாலுகா ஆபீஸ் கேட்பதில் ஒன்றைக்கூட நீங்கள் தளர்த்தவில்லை. சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை! ஆகவே ஏற்கெனவே சொந்த மனை உள்ளவருக்கு வீடு கிடைத்தது. மனையில்லாதவருக்கு மறுபடியும் பாய் கிடைத்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உங்கள் பக்கம்தான். 2011 பிப்ரவரி 28 இரவு ரோட்டோரத்திலும் மேம்பாலத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் படுத்திருந்தவர்களைத்தான் வீடற்றவர் என்று எண்ணினார்கள். வீட்டுப் பட்டியலில் கூரை எதனால் ஆனது என்ற கேள்விக்குக் கீற்று, ஓடு, கான்கிரீட் இவற்றோடு பிளாஸ்டிக், பாலித்தீன் என்றும் ஒரு பதில் உண்டு. ஆக, உங்கள் பாய்க்கு அடியில் படுத்திருப்பவர் வீடுள்ளவர். ஒரே பாயில் ஒரு குடும்பத்தை அந்தக் கணக்கிலிருந்து கரையேற்றிய வள்ளன்மை யாருக்கு வரும்!

டவுனிலும் நீங்கள் குறை வைப்பதில்லை. பிறந்த நாள், நினைவு நாள், கல்யாண நாள் வந்தால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவருக்கு ஒரே இரவில் மூன்று சாப்பாட்டுப் பொட்டலம். யாருக்கும் பிறந்த நாள் வராத இரவுகளும் இருக்கின்றன.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பக்கம் போன கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், துணியும் பாயும் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. நிலக்காரர்களோடு மல்லுக்கட்டி, சிறைக்குப் போய், 1981-இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கூலிக்காரப் பெண்களின் பெயரில் எழுத வைத்தார். செங்கல் வீடு அதற்குப் பிறகுதான். தூரத்துப் பின்லாந்திலும் 2008 முதல் இதே வரிசைதான்: தெருவில் இருப்பவர் கையில் முதலில் வாடகை ஒப்பந்தமும் சாவியும், மற்ற உதவியெல்லாம் அப்புறம். நீங்கள் அந்த அம்மாவைவிட எவ்வளவோ விவரமானவர்கள். எத்தனை வட்டம் சுற்றினாலும் ஒரு தோப்புக்காரரோடும் உங்களுக்கு மனஸ்தாபம் வந்ததில்லை. ஒரு தாசில்தாரும் உங்களைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. மேடையில் அவர்களையே பக்கத்தில் உட்கார வைத்துப் பாய் வழங்கியிருக்கிறீர்கள்.

இத்தனை செல்வாக்கு உள்ளவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில். வருவாய்த் துறை மனு வாங்கிக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி நடப்பது வைகாசி, ஆனி வெயிலில், பசலி என்ற வருவாய் ஆண்டு முடிவதற்குள். தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பத்தாக்கள் மனுவோடு நிற்பார்கள். எழுதிக் கொடுப்பவருக்குக் கூலி கொடுத்து எழுதிய மனு. அதில் சர்வே எண் தப்பாக இருக்கும். ஓடைப் புறம்போக்கில் பட்டா தர முடியாது என்று ஒரே வரியில் திருப்பி விடுவார்கள். நீர்நிலையில் தர முடியாதென்றால் மாற்று இடமாக எங்கே மூன்று சென்ட் இருக்கிறது என்று திருப்பிக் கேட்க அப்பத்தாவுக்குத் தெரியாது, கேட்டாலும் பதில் வராது. உங்களுக்குத் தெரியும், உங்களுக்குப் பதிலும் வரும். அந்த வாரம் ஒரு வக்கீலையும் நில அளவை தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஆலங்குடிக்கு வாருங்கள். லாரி வேண்டாம். போட்டோகிராபரை வேண்டுமானால் கூட்டி வாருங்கள், அவர் பட்டாவையும் சேர்த்தே எடுக்கட்டும்.