இதுல ஒண்டு வரும்

சாச்சி வீட்டுக்குள் வந்தால் முதலில் நம் முகத்தைப் பார்க்கமாட்டா. உடுப்பின் கீழ்க்கரையைப் பார்ப்பா. அங்கிருந்து கண் மெல்ல மேலேறி, தோள்மூட்டுத் தையலில் கொஞ்சம் நின்று, கடைசியாகத்தான் முகத்துக்கு வரும். அதற்குள் கணக்கு முடிந்திருக்கும். "சுகமா புள்ள?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், நாம் உடுத்திருக்கும் ஹபாயாவின் ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்ப்பா.

"இது இன்னும் ஒரு பெருநாளைக்குத் தாங்கும். மறுகா தா. இதுல ஒண்டு வரும்."

"என்ன வரும் சாச்சி?"

"வரும்."

என்ன வரும் என்று அவவுக்கும் தெரியாது. வரும் என்பது மட்டும் உறுதி.

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. சாய்ந்தமருதில் சாச்சியாக இருப்பவ நிந்தவூரில் மாமியாக இருப்பா, அட்டாளைச்சேனையில் ராத்தாவாக இருப்பா. முறை மாறும், தையல் மெசின் மாறாது. பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொள்ளும் ஊர்கள் எங்களுடையவை. அதனால் உம்மா வீடு, சாச்சி வீடு, என் வீடு எல்லாம் ஒரே வளவுக்குள் சுவரோடு சுவராக நிற்கின்றன. நடுவில் வேலி கிடையாது. கொடியில் காயும் உடுப்புக்கும் எல்லை கிடையாது. உடுப்பு எங்கள் கொடியில் காய்வது எங்கள் உரிமை. அது காய்ந்த பிறகு எங்கே போகும் என்பது சாச்சியின் கையில்.

கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். சாச்சி கந்தையாகும்வரை பொறுக்கமாட்டா.

அவவுக்கு மிகவும் பிடித்தது சாரம். மற்ற உடுப்பென்றால் கை, கழுத்து, பொத்தான் என்று அவிழ்க்க நேரமெடுக்கும். சாரம் ஏற்கனவே மூட்டுப் போட்ட குழாய். அடியைத் தைத்தால் மூட்டை கட்டலாம், நடுவால் வெட்டி இரண்டு அடியையும் தைத்தால் இரண்டு பை. சாச்சியின் கண்ணுக்குச் சாரம் என்பது இன்னும் அடி தைக்காத பை. அதற்குள் தற்காலிகமாக ஓர் ஆம்பிளை நிற்கிறான், அவ்வளவுதான். போன வருஷம் என் புள்ளைட வாப்பா சுபஹ் தொழுதுவிட்டுப் புதுச் சாரத்தோடு முற்றத்தில் நிற்க, சாச்சி தலையைச் சாய்த்துப் பார்த்துக் கேட்டா: "மருமகன், இது எந்த வருஷம் எடுத்த சாரம்?" மனிசன் பதில் சொல்லவில்லை. உள்ளே வந்து காற்சட்டை மாற்றினார். அந்தச் சாரத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை எங்கே வைத்தார் என்று எனக்கும் சொல்லவில்லை.

மூத்தவாப்பா மௌத்தானபோது அவருடைய சாரங்களை யாருக்காவது கொடுத்துவிட உம்மா நினைத்திருந்தா. சாச்சி முந்திக்கொண்டா. நாற்பது கழிந்து இரண்டு நாளில் ஒரு கால்துடைப்பான் வந்து சேர்ந்தது. விரல் அகலத்தில் வெட்டிய துண்டுகளைப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தது. நீலமும் கத்தரிப்பூ நிறமும் கலந்து உண்மையிலேயே வடிவான வேலை. வாசலில் போட்டோம். முதலில் காலை வைக்கப் போன என் மகனை உம்மா பிடித்து இழுத்தா: "வாப்பாட சாரத்துலயா காலத் துடைக்கிறாய்!" அன்றிலிருந்து அதில் யாரும் மிதிப்பதில்லை. மழைக்காலத்தில் சேற்றுக் காலோடு அதைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே வருகிறோம். வீடு முழுக்கச் சேறு. துடைப்பான் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அதையும் கிழமைக்கொருமுறை கழுவிக் காயப்போடுகிறோம்.

பள்ளிக்கூட உடுப்பில் சாச்சி போடும் மடிப்பைப் பற்றி எங்கள் தலைமுறைப் பெண்பிள்ளைகள் எல்லோரும் சாட்சி சொல்வார்கள். கீழ்க்கரையில் மூன்று மடிப்பு உள்ளே வைத்துத் தைப்பா. வருஷத்துக்கு ஒன்றாய் அவிழ்ப்பா. அவிழ்த்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு எந்த நீலம் போட்டாலும் போகாது. மரத்தை வெட்டி வளையத்தை எண்ணி வயதைச் சொல்வதுபோல, என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தே நான் எத்தனையாம் ஆண்டு என்று டீச்சர் சொல்லிவிடுவா.

2017 செப்டெம்பரில் அரசாங்கம் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனையும், சோற்றுப்பொதி சுற்றும் லஞ்ச் ஷீட்டையும் தடைசெய்தது. கல்முனைக் கடைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சாச்சி மட்டும், தன் சொல்லை ஒருவழியாய்க் கொழும்பு கேட்டுவிட்டது என்பதுபோல நடந்தா. அந்த மாதம் வளவில் பைமழை. பாணுக்குப் பை, பள்ளிக்குப் போகையில் செருப்பு வைக்கப் பை, பிள்ளை குர்ஆன் மத்ரசாவுக்குக் கொண்டுபோகப் பை. பைகள் கூடிப்போனதும் அவற்றை மடித்து வைக்க ஒரு பெரிய பை. கைப்பிடிகளைத் தன் தோளில் போட்டுப் பார்த்துத்தான் அளப்பா. சாச்சி நல்ல உயரம். நாங்கள் தூக்கினால் பை தரையைக் கூட்டிக்கொண்டு வரும்.

அதில் மீன் பை ஒரு தனிக்கதை. கரைவலை இழுக்கிற இடத்தில் கீரிமீன் வாங்கச் சீலைப்பையோடு போன புள்ளைட வாப்பா, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்தார். கடற்கரையிலிருந்து வீடுவரை வழியெல்லாம் ஒரு ஈரக்கோடு, பின்னால் நான்கு பூனை. முறைப்பாடு சாச்சிக்குப் போனது. அவ அசரவில்லை. வயல்காரர் வீட்டிலிருந்து வெறும் யூரியாப் பை இரண்டு வாங்கி உள்ளே லைனிங் கொடுக்க இறங்கினா. சாதாரணச் சீலைக்கு 14ஆம் நம்பர் ஊசி போதும், உரப்பைத் தடிப்புக்கு 18 போட வேண்டும். இது சாச்சிக்குத் தெரியாததல்ல. அந்த நேரம் கடைக்குப் போகப் பஞ்சி. 14ஐயே ஓட்டினா. ஊசி முறிகிற சத்தம் ஐந்து தரம் கேட்டது. ஒவ்வொரு தரமும், "பிஸ்மி செல்லாமத் தொடங்கிட்டன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டா. கடைசியில் பை தைத்து முடிந்தது. ஒரு சொட்டு ஒழுகாது. அதனால் இப்போது மீனோடு சேர்ந்து அரைவாசிக் கடலும் வீட்டுக்கு வருகிறது.

கொரோனா வந்த 2020இல் மாஸ்க் தைத்தா. மருதமுனைச் சாரத் துண்டில் கட்டம்போட்ட மாஸ்க், நல்ல காற்றோட்டம். ஊரடங்கில் கடைகள் பூட்டு, இலாஸ்ரிக் கிடையாது. சாச்சி பிள்ளைகளின் காற்சட்டைகளிலிருந்து உருவி எடுத்தா. அந்த நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வளவுப் பிள்ளைகள் முகத்தை ஒழுங்காக மூடிக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி நின்றார்கள்.

இவ்வளவும் நடப்பது ஒரு கால் மெசினில். மூத்தம்மா வைத்திருந்தது கறுப்பு உடம்பில் பொன்னெழுத்துப் போட்ட சிங்கர். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். மூத்தம்மாட மெசின் அந்தக் கப்பலிலேயே வந்திறங்கியது என்று சாச்சி சொல்வா, நாங்கள் மறுப்பதில்லை. அது 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கடலோடு போனது. இப்போதிருப்பது அடுத்த வருஷம் நிவாரணத்தில் கிடைத்தது. எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு அப்படி மெசின் கொடுத்தார்கள். பல வீட்டில் அதன்மேல் இன்று டீவி நிற்கிறது. சாச்சியின் மெசின் மேல் எதுவும் நின்றதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, மோட்டர் பூட்டிய மெசின்காரர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க, குப்பி விளக்கு வெளிச்சத்தில் சாச்சியின் மெசின் மட்டும் கடகடவென்று ஓடியது. எங்களுக்குத்தான் நித்திரை இல்லை.

கடல் வந்த கதையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். உடுத்த உடுப்போடு மூன்றாம் நாள். வெளியே மாரிமழை. லொறியில் உடுப்பு மூட்டைகள் வந்தன. அவிழ்த்தால் குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டு, கழுத்துப் பட்டி, ஒற்றைக் காலுறை. பெண்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் எழும்பிப் போனார்கள். எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தவர்களுக்குக் கோட்டு எதற்கு? சாச்சி ஒரு கோட்டைத் தூக்கி, உள்ளும் புறமுமாய்த் திருப்பி, ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தா. "இதுல ஒண்டு வரும்" என்றா. அன்றைக்கு யாரும் என்ன வரும் என்று கேட்கவில்லை. மெசின் இல்லை. யாரிடமோ ஒரு கை ஊசி, ஒரு நூல்கட்டை. விடியும்போது கோட்டு, சிமெந்துத் தரையில் படுத்திருந்த ஒரு கைக்குழந்தைக்கு விரிப்பாகியிருந்தது. அதன் உள் லைனிங் இரண்டு குட்டிச் சட்டையாகியிருந்தது. அதிலொன்றைப் போட்டிருந்தவன் என் கடைசித் தம்பி.

இதைச் சொன்னதால் நான் சாச்சியை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் சாறிக் கதைக்கு வருகிறேன்.

தங்கச்சியின் கல்யாணத்துக்காக மருதமுனையில் தறியடியிலேயே போய் நின்று எடுத்த கைத்தறிச் சாறி. கடுகு மஞ்சள், இரண்டு பக்கமும் பச்சைக் கரை. கஞ்சிப்பசை மணம்கூடப் போகவில்லை. ஒரே ஒரு தரம் உடுத்தேன். கதவு ஆணியில் மாட்டி, கரையோரம் நகமளவு கிழிந்தது. நகமளவுதான். சாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புத்தி எங்கே போனது என்று கேட்காதீர்கள். வளவுக்குள் தையல்காரி இருக்க வெளியே கொடுத்தால் உம்மா மூன்று மாதம் பேசமாட்டா.

"இன்ஷா அல்லாஹ், நாளைக்கு" என்றா சாச்சி. மூன்று கிழமை நாளைக்கு, நாளைக்கு என்றே போனது. நோன்பும் பிடித்தாயிற்று. ஒரு நாள் அஸருக்குப் பிறகு பிள்ளையைப் பள்ளிக்குக் கஞ்சி எடுக்க அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறேன். எதிர்வீட்டுப் பொடியன் கஞ்சி வாளியை ஒரு பையில் வைத்துக் கொண்டுபோகிறான். கடுகு மஞ்சள் பை, பச்சைக் கைப்பிடி. பின்னால் சாச்சிட மகன், அவன் கையிலும் அதேபோல ஒன்று. மூலை வீட்டுக்காரி, ஒன்று.

ஓடிப்போய்க் கேட்டேன்.

"சாச்சி, என்ட சாறி எங்க?"

"கிழிஞ்சிட்டுது எண்டுதானே தந்தாய்?"

"தைக்கத்தானே தந்தன்?"

"தைச்சிட்டன்தானே."

பன்னிரண்டு பை. கணக்கை அவவே விரல்விட்டுச் சொன்னா. ஆறு யார் சாறியைக் குறுக்கே பன்னிரண்டாய் வெட்டியிருக்கிறா. இரண்டு பக்கக் கரையையும் தனியே எடுத்து இருபத்துநாலு கைப்பிடி. ஓர் அங்குலம் வீணாகவில்லை. இந்தத் தடவை கைப்பிடியின் நீளம் சரியாக வந்திருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். "நோன்பு காலத்துல குடுத்தா நன்மை கூட. சாறி உன்ட, அதால நன்மையும் உனக்குத்தான் புள்ள. தைச்ச கூலி மட்டும் அல்லாஹ் எனக்குத் தரட்டும்" என்று முடித்துவிட்டா. நன்மையைத் திருப்பிக் கேட்க யாருக்கு வாய் வரும்?

என் உண்மையான குறை இதுதான். சாச்சி காசு வாங்கமாட்டா. வாங்கினால் சண்டை பிடிக்கலாம். பஸாரில் டெய்லர் கழுத்தைக் கோணலாய் வெட்டினால் கடை வாசலில் நின்று சத்தம் போடலாம், கூலியைப் பிடிக்கலாம். சாச்சிக்கு ஒரு சதமும் நாங்கள் கொடுத்ததில்லை. ராத்திரி இரண்டு மணிவரை இருந்து எங்கள் ஒவ்வொரு பெருநாள் உடுப்பையும் தைத்துத் தந்த மனிசியிடம் எந்த வாயால் கோபிப்பது? அதைவிட, ஒரு கிழமை கழித்து மேற்பார்வைக்கு வருவா. "நான் தந்த பை எங்க?" பாவித்திருக்க வேண்டும், அழுக்காகியிருக்க வேண்டும். மடித்து வைத்திருந்தால் முகம் வாடிவிடும்.

பன்னிரண்டில் ஐந்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு எங்கள் வளவில், ஒன்று எதிர்வீட்டில், ஒன்று மூலை வீட்டில், ஒன்று காரைதீவு பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த யாரோ ஒரு பெண்ணின் மடியில். மிச்சம் ஏழு இந்தக் கரையில் எங்கோ நடமாடுகின்றன. உங்கள் வீட்டில் கடுகு மஞ்சளில் பச்சைக் கைப்பிடி போட்ட பை இருந்தால் திருப்பித் தர வேண்டாம், ஆளையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். பாண் வாங்குங்கள், மரக்கறி வாங்குங்கள். மீன் மட்டும் வாங்காதீர்கள்.