நாடி பார்க்கும் நெட்வொர்க் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

முக்காலமும் உணர்ந்த நெட்வொர்க் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

சாஷ்டாங்க நமஸ்காரம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் 'அலுவல் சாராத இணையப் பயன்பாடு' என்று திரையில் ஒரு பட்டியல் போட்டீர்கள். மூன்றாவது பெயர் அடியேன். எதிரே ஒரு மூலநோய் மருத்துவமனையின் தளம். மாலைக்குள் என் நாற்காலியில் யாரோ காற்றடைத்த ரப்பர் வளையம் வைத்துவிட்டார்கள். கேன்டீன் தம்பி கேட்காமலே மோர் தருகிறார். மேலாளர், "பரவால்ல சார், நின்னுக்கிட்டே பேசுங்க" என்கிறார்.

உலாவியில் பூட்டுப் படம் என்னவோ இருந்தது. இருந்து என்ன? வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடர் கட்டைவிரல் ரேகையை வைத்தே தாயார் பெயர்வரை சொல்கிறாரே! தங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. போகும் தளத்தின் பெயர் இணைப்பின் தொடக்கத்திலேயே அப்பட்டமாகப் போகிறது. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 என்ற புதிய பூட்டும் அதை மூடவில்லை.

பெயரோடு நிறுத்திக்கொண்டது தங்கள் பெருந்தன்மை. ஓலைக்கட்டைப் பிரித்திருந்தால்? 2014-இல் பெர்க்லி, இன்டெல் ஆய்வாளர்கள் பத்துத் தளங்களின் 6,000-க்கும் மேற்பட்ட பக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். மேயோ கிளினிக்கும் அதில் உண்டு. பூட்டைத் தொடவே இல்லை. டேட்டா பொட்டலங்களின் அளவு, திசை, வரிசை இவற்றைப் பார்த்தே, திறந்தது எந்தப் பக்கம் என்று 89 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பே ரேகை எடுத்து ஓலை எழுதி வைப்பது, ஆள் வந்ததும் ஒப்பிடுவது. அதே தொழில்தான்! நான் பார்த்தது அறிகுறிகளா, அறுவை சிகிச்சைக் கட்டணமா என்று நோய் சொல்லும் என் ஆறாம் காண்டம் முழுதும் திரையில் ஓடியிருக்கும். பொட்டலங்களில் வெற்று டேட்டாவை நிரப்பி ஒரே அளவாக்கினால் ரேகை மங்கும். செலவு கூடும் என்று பெரும்பாலோர் அந்தப் பக்கம் போவதில்லை.

ஏழாவது பெயரைக் கவனித்தீர்களா, ஜோதிட சிகாமணியே? எதிரே ஒரு கருத்தரிப்பு மையம். பிள்ளைப்பேறு சொல்லும் ஐந்தாம் காண்டம். கூட்டம் முடியும் முன்பே அந்தப் பெண் எழுந்து போய்விட்டார். யாரய்யா உங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது? வைரஸ் வருகிறதா என்று பார்க்கத்தானே சம்பளம்? நாடி ஜோதிடர்கூடத் தேடி வந்தவருக்குத்தான் ஓலை படிக்கிறார். ஊரைக் கூட்டிவைத்துப் படிப்பதில்லை.

மன்னிக்க வேண்டும், உஷ்ணம் ஏறிவிட்டது. மோர் குடித்துவிட்டேன்.

இனி பரிகாரம் சொல்லும் சாந்தி காண்டம். தளத்தின் பெயரையும் மறைக்கும் ஈசிஎச் வசதி 2023-இலேயே குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் வந்துவிட்டது. அதை ஏற்கும் தளங்களுக்காவது பயன்படும். நம் அலுவலகக் கணினிகளில் அணைத்து வைத்திருக்கிறீர்கள், திருவுளம் கனிந்து திறந்துவிடுங்கள். பட்டியலையும் அதற்குப் பின்னால் சேர்த்துவைத்திருக்கும் பதிவுகளையும் அழியுங்கள். ஏழாவது பெயருக்குரியவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், மின்னஞ்சலில் வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டியலில் மூன்றாமவன்