கேள்வி நேரம்

கேள்வி: பூதம், வரம், ராஜகுமாரி என்று வரும் மாயக் கதைகளைக் கேலி செய்து சிரிக்கவைக்கும் கதைகள் தமிழில் உண்டா?
— ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ஏன் இல்லை? புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஒன்றே போதும். மாயக் கதை என்றால் கடவுள் தோன்றுவார், பக்தன் காலில் விழுவான், வரம் கிடைக்கும். இங்கே சென்னையில் எஸ்பிளனேடு மூலையில் தோன்றும் கடவுள், திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்! பிள்ளை அவரைக் காப்பி ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறார். வரம் கேட்கவில்லை, தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளையே ஆயுள் சந்தாதாரர் ஆக்கிவிடுகிறார். சாகாதவரிடம் ஆயுள் சந்தா! எந்த ராஜகுமாரனுக்கும் இந்தச் சாமர்த்தியம் வந்ததில்லை.

உங்கள் பேட்டைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது லாஸ்பேட்டையில்தான். 2021 மே மாதம் மறைந்தார். ராஜாவையும் பேயையும் சாதாரணச் சம்சாரி மடக்கிப்போடும் வாய்மொழிக் கதைகளை எழுத்தில் ஏற்றிக் காப்பாற்றியதில் அவருக்கு இணை இல்லை. நம் பாட்டிமார் மாயக் கதை சொல்லும்போதே கேலியையும் சேர்த்தே சொன்னார்கள். அவர் தொகுத்த 'நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்' நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.